லினக்ஸ் முகப்பில் செயலிப் பட்டி: மாற்றமும் மறுப்பும்

கணனியை இயக்கும் ஒருவர் தமக்கு வேண்டிய செயலியைத் தேடி முதலில் நாடுவது, திரையின் மூலையொன்றில் அமைந்துள்ள செயலிப் பட்டியையே. அளவிற் சிறிய இக்கருவியின் வடிவம் பற்றி லினக்ஸ் உலகில் கடந்த இரு தசாப்தங்களாக எழுந்த விவாதங்கள் அளவிற் சிறியனவல்ல. ஒரு பட்டியின் அமைப்பு மாற்றப்பட்டதன் பொருட்டு புதிய அமைப்புகள் தோன்றின. பழைய செய்நிரல்கள் மீட்டெடுக்கப்பட்டன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வெறும் இரசனைப் பூசலாகத் தோன்றலாம். ஆயின் மனிதன் ஒரு பொருளை எவ்வாறு தேடிக் கண்டடைகிறான் என்ற வினாவும், பலரது பழக்கத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளன. இவ்விரு வினாக்களையும் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை இருத்தல் வேண்டும் என்ற கொள்கையுடன் ரிச்சட் ஸ்டோல்மன் 1983 ஆம் ஆண்டில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவையிரண்டும் இணைந்து ஒரு பணிசெயல் முறைமை உருவாகியபோதும், அது நெடுங்காலம் வல்லுநர்களின் கருவியாகவே இருந்தது. 1996 ஒக்டோபரில் ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்றிச், சாதாரண பயனருக்கு ஏற்ற, ஒருமைப்பாடுடைய முகப்புச் சூழலொன்று தேவையெனக் கூறிக் கேடிஈ திட்டத்தைத் தொடங்கினார். அது பயன்படுத்திய கியூட் என்னும் கருவித்தொகுதியின் அனுமதிப்பத்திரம் அக்காலத்தில் முழுச் சுதந்திரமுடையதாக இருக்கவில்லை. எனவே 1997 ஓகஸ்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசா, பெடரிக்கோ மேனா ஆகியோர் க்னோம் திட்டத்தை ஆரம்பித்தனர்.

இவ்விரு சூழல்களும் தோன்றிய காலத்தில், 1995 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 இன் தொடக்கப் பட்டி உலகெங்கும் பழகிப்போயிருந்தது. ஆகவே, பெரு நிறுவனமொன்றின் பொருளுக்கு மாற்றாக எழுந்த இயக்கம், அந்நிறுவனம் பழக்கிவைத்த வடிவத்தைத் தழுவியே தன் பட்டியை அமைத்துக்கொண்டது. மக்கள் எங்கு நிற்கிறார்களோ அங்கிருந்துதானே அவர்களை அழைத்துச்செல்ல முடியும்! இதனைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது.

பட்டியின் உள்ளமைப்பு

லினக்ஸில் பட்டியின் வடிவத்தை இத்துணை எளிதாக மாற்ற முடிவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 2000 ஆம் ஆண்டில் ஹவொக் பெனிங்டன் தொடக்கிய பிறீடெஸ்க்டொப் என்ற பொதுக்களத்தில், வெவ்வேறு சூழல்களின் செய்நிரலாளர்கள் கூடிப் பொது விதிகள் சிலவற்றை வகுத்தனர். அவற்றின்படி ஒவ்வொரு செயலியும் தன்னைப் பற்றிய ஒரு சிறு உரைக்கோப்பைக் கணனியில் இட்டுவைக்கும். செயலியின் பெயர், அது செய்யும் பணியைக் கூறும் பொதுப்பெயர், தேடலுக்குரிய திறவுச்சொற்கள், இயக்கும் கட்டளை, படம், அது அடங்கும் வகை ஆகியன அக்கோப்பில் வரிவரியாக இடம்பெறும். கல்வி, அலுவலகம், வரைகலை, வலையமைப்பு, விளையாட்டு, அமைப்பு என வகைகளும் பொதுவாக வரையறுக்கப்பட்டுள்ளன. முகப்புச் சூழல் அக்கோப்புகளைப் படித்துத் தனக்குரிய பட்டியைக் கட்டிக்கொள்கிறது.

இதன் விளைவு யாது? பட்டியின் உள்ளடக்கம் அனைவர்க்கும் பொதுவானது. அதன் தோற்றம் மட்டுமே அந்தந்தச் சூழலுக்கு உரியது. ஆதலால் செயலிகளில் ஓரெழுத்தைக்கூட மாற்றாமல் எவரும் புதியதொரு பட்டியை ஆக்கலாம். பின்னர் நாம் காணவிருக்கும் பிளவுகளும் மீட்புகளும் சாத்தியமானமைக்கு, அனுமதிப்பத்திரம் தந்த உரிமையோடு இப்பொதுமையும் காரணமாயிற்று.

கிளைப்பட்டியும் அதன் இடரும்

பழைய பட்டி கிளைவிடும் இயல்புடையது. ஒரு வகையின்மேற் சுட்டியை வைத்ததும் பக்கத்தில் இன்னொரு பட்டி விரியும். அதிலிருந்து மற்றொன்று விரியும். 1954 இல் உளவியலாளர் போல் பிற்ஸ் வகுத்த விதியின்படி, ஓர் இலக்கு அண்மையிலும் பெரிதாகவும் இருப்பின் அதனை விரைவில் அடையலாம். திரையின் மூலையைத் தாண்டிச் சுட்டி செல்லாது. எனவே மூலையிலுள்ள பொத்தானை எவரும் தவறவிடுவதில்லை. பட்டிப் பொத்தான் மூலையில் இடம்பிடித்தமை இதனாற் பொருத்தமே. ஆயின் கிளைகளில் நிலைமை வேறு. ஒடுங்கிய வரியொன்றின் வழியே சுட்டியை விலகாது நகர்த்தவேண்டியுள்ளது. ஒடுங்கிய பாதை நீளநீள நேரமும் கூடுமென்பதை அக்கொட், சாய் ஆகிய இருவர் 1997 இல் அளந்து காட்டினர். கை நடுங்கும் முதியவருக்கு இஃது ஒரு தடையே ஆகும்.

செயலிகளின் தொகை பெருகியபோது இவ்விடர் மேலும் வளர்ந்தது. 2006 டிசெம்பரில் வெளிவந்த ஓப்பன்சூசே 10.2 பதிப்பில் 'கிக்கோப்' என்னும் புதிய பட்டி அறிமுகமாயிற்று. கிளைகள் வெளியே விரிவதை நிறுத்தி, ஒரே சட்டகத்தினுள் யாவற்றையும் அது அடக்கியது. விருப்பச் செயலிகள் ஒரு தாவலிலும், முழு வகைகள் மற்றொன்றிலும், அண்மையில் திறந்தவை வேறொன்றிலும் அமைந்தன, தேடற்பெட்டியும் இணைக்கப்பட்டது. 2008 சனவரியில் வெளிவந்த கேடிஈ 4.0 இதனையே தன் இயல்புப் பட்டியாக்கியது. அடிக்கடி வேண்டுவன விரைவிற் கிடைத்தன. எப்போதாவது வேண்டுவனவற்றுக்குப் பல முறை சொடுக்க வேண்டியதாயிற்று. முறைப்பாடுகள் எழுந்தன. எனினும் பழைய பட்டியை விரும்பியோர் அதற்கு மாறிக்கொள்ளும் வழி விட்டுவைக்கப்பட்டிருந்தமையால் அவை பிளவாக வளரவில்லை.

2011: இரு கொள்கைகளின் மோதல்

2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3.0 பழைய பட்டியை முற்றாக அகற்றியது. ஒரு பொத்தானை அழுத்தியதும் திரை முழுவதும் மாறித் திறந்துள்ள சாளரங்களையும் தேடற்பெட்டியையும் காட்டியது. அதே மாதத்தில் உபுண்டு 11.04 பதிப்பு யூனிற்றி என்னும் தன் சொந்த முகப்பை இயல்பாக்கியது. அதன் 'டாஷ்' என்னும் பகுதியும் தேடலையே மையமாகக் கொண்டிருந்தது.

இங்கு நிகழ்ந்தது வெறும் தோற்ற மாற்றமன்று. வகைப்பட்டி என்பது கண்டறிதலை அடிப்படையாகக் கொண்டது: பெயர் தெரியாதவரும் 'வரைகலை' என்ற தலைப்பின்கீழ் நோக்கித் தமக்கு வேண்டியதை அடையாளங்காணலாம். தேடற்பெட்டி என்பது நினைவுகூர்தலை அடிப்படையாகக் கொண்டது: வேண்டுவதன் பெயரையோ அதற்குரிய சொல்லையோ முன்னரே அறிந்தவர்க்கு அதனிலும் விரைவான வழி இல்லை, அறியாதவர்க்கு வெற்றுப்பெட்டி எதனையும் கற்பிப்பதில்லை. நூலகத்தில் அடுக்குகளிடையே உலாவி நூலைத் தெரிவதற்கும், கருமபீடத்தில் நூற்பெயரைச் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டும் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்தபோதுதான் எதிர்ப்பு மூண்டது.

அவ்வெதிர்ப்பு செயல்வடிவம் பெற்ற விதம் கவனிக்கத்தக்கது. லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3 ஐ வெளிப்படையாகக் கண்டித்து, எளிய எக்ஸ்எப்சிஈ சூழலுக்கு அப்போது மாறினார். கைவிடப்பட்ட க்னோம் 2 இன் மூலநிரலை எடுத்து, ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் 2011 இல் 'மாட்டே' என்னும் சூழலைத் தொடக்கினார். லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோம் 3 இன் அடித்தளத்தின்மீதே வகைப்பட்டியும் தேடற்பெட்டியும் ஒருங்கே அமைந்த 'சினமன்' சூழலை எழுப்பினர். க்னோம் அமைப்பும் 2013 மார்ச்சில் 3.8 பதிப்புடன், பழைய பட்டியை ஒத்த அமைப்புடைய 'கிளாசிக்' முறையொன்றை வழங்கிற்று. தனியுடைமை மென்பொருளில் பயனர் முறையிடலாம், அல்லது பணிந்துபோகலாம். இங்கு மூன்றாவது வழியொன்று இருந்தது: எடுத்துத் திருத்தித் தாமே நடத்துதல்.

எனினும் இவ்வுரிமையை நாம் மிகைப்படுத்தலாகாது. ஒரு சூழலைப் பிரித்தெடுத்து ஆண்டாண்டாகப் பேணுதல் பெரும் உழைப்பைக் கோருவது. செய்நிரல் எழுத அறிந்தோர்க்கே நேரடியாக இயல்வது. ஏட்டில் அனைவர்க்கும் உரிய உரிமை, நடைமுறையில் சிலரது கையிலேயே தங்கியுள்ளது. ஆயினும் அச்சிலரின் உழைப்பின் பயனைப் பலரும் விலையின்றிப் பெற்றனர் என்பதும் உண்மை.

தேடலும் வணிகமும்

தேடற்பெட்டி வேறொரு வினாவையும் எழுப்பியது. தட்டச்சிடும் சொல் எங்கே செல்கிறது? 2012 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு 12.10 பதிப்பில், டாஷில் இடப்பட்ட சொற்கள் கனோனிக்கல் நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பப்பட்டு, அமேசன் விற்பனைப் பொருட்களும் விடைகளோடு காட்டப்பட்டன. தன் சொந்தக் கணனியிலுள்ள கோப்பைத் தேடியவரின் சொல்லும் இவ்வாறு வெளியே சென்றது. அவ்வாண்டு டிசெம்பரில் ஸ்டோல்மன் இதனை உளவு மென்பொருள் எனக் கண்டித்தார். நிறுவனம் அதனை நிறுத்தும் விசையொன்றை வழங்கியதாயினும், 2016 ஏப்ரலில் வந்த 16.04 பதிப்பிலேயே அது இயல்பாக நிறுத்தப்பட்டது. 2017 இல் யூனிற்றியே கைவிடப்பட்டது. பட்டியின் வடிவமைப்பு சமூகச் சார்பற்ற தொழில்நுட்ப வினையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இணக்கம்

2021 பெப்ரவரியில் கேடிஈயின் பிளாஸ்மா 5.21 பதிப்பு கிக்கோப்பை மீள வடிவமைத்தது. இடப்புறம் வகைகள், வலப்புறம் அவற்றின் செயலிகள், மேலே தேடற்பெட்டி என உலாவுதலும் தேடுதலும் ஒரே பார்வையில் அமைந்தன. கிளைப்பட்டியாகவோ முழுத்திரைப் பட்டியாகவோ அதனை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. அடுத்த மாதம் வந்த க்னோம் 40 தன் முழுத்திரைக் கொள்கையிலிருந்து விலகாது அதனைச் செப்பனிட்டது. இரு மரபுகளும் இன்று அருகருகே வாழ்கின்றன.

தமிழ்ப் பயனர் நோக்கில்

இவ்வரலாறு தமிழ்வழி கணனி பயில்வோர்க்கு நேரடித் தொடர்புடையது. முன்னர் குறிப்பிட்ட உரைக்கோப்பில் பெயர், பொதுப்பெயர், திறவுச்சொற்கள் ஆகியவற்றை ஒவ்வொரு மொழியிலும் எழுத இடமுண்டு. வகைப்பட்டியின் காலத்தில் தலைப்புகளையும் பெயர்களையும் தமிழாக்கினாற் போதுமானதாயிருந்தது. தேடல் மையமானபின் அது போதாது. தேடற்பெட்டி எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுவது. 'பயர்பொக்ஸ்' என ஈழத்தவர் எழுதுவதைத் தமிழகத்தார் 'பயர்பாக்ஸ்' என்பர். ஒரு வடிவமே கோப்பில் இருப்பின் மற்றதை எழுதியவர்க்கு விடை கிடையாது. 'கடிதம்' எனத் தேடும் மாணவனுக்கு எழுத்துச் செயலி தோன்றவேண்டுமாயின், அச்சொல் திறவுச்சொல் வரியில் இருத்தல் வேண்டும். அன்றியும் அகரவரிசைப் பட்டியலில், தமிழாக்கப்பட்டவை ஓரிடத்தும் ஏனையவை வேறிடத்தும் நிற்பதால், எது தமிழாக்கப்பட்டது என்பதையே பயனர் நினைவிற்கொள்ள வேண்டியவராகிறார்.

எனவே மக்கள் வழங்கும் சொற்களையும், இரு கரையினரின் எழுத்து வழக்குகளையும் திரட்டித் திறவுச்சொற்களாக இடுதல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்தம் உடனடிப் பணியாகும். இதற்குச் செய்நிரல் அறிவு வேண்டியதில்லை; மொழியறிவும் கூட்டுழைப்புமே வேண்டும். திருத்தும் உரிமை சிலரது கையில் மட்டும் தங்கியுள்ளது என மேலே கூறினோம். அவ்வுரிமையைப் பலர் கைக்கொள்ளத்தக்க வாயில்களுள் இதுவும் ஒன்று. பொதுச்சொத்தாகத் தரப்பட்டுள்ள அக்கோப்புகளில் தமிழுக்குரிய வரிகளை நிரப்புதல் நம்மனோர் கடனாகும்.