நாலு பேர் மாறின பஸ்!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஒத்தைக் காலை படிக்கட்டுல வச்சு தொத்திட்டு நிக்கிற பாஸ்... முதல்ல உள்ளே ஏறுங்க! நீங்க தினமும் போற கவர்மென்ட் பஸ்ஸோட ஃபேமிலி ஹிஸ்டரி தெரியுமா?

இந்தக் கதையோட ஹீரோ டி.வி.சுந்தரம் ஐயங்கார். பிறந்த ஊர் திருக்குறுங்குடி. வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க்னு ஒரு ரவுண்டு வந்துட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு பஸ் தொழில்ல குதிச்சார். 1912-ல ஆரம்பிச்ச அந்த பஸ் சர்வீஸ்தான் பின்னாடி டி.வி.எஸ் குடும்பத்தோட 'சதர்ன் ரோட்வேஸ்' கம்பெனியா வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்துல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. மனுஷர் அசரலையே! வாயுவை வச்சு வண்டி ஓட்டுற 'டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்'டையே தயாரிச்சுட்டார்.

சரி, நம்ம திண்டுக்கல் எங்கே வருதுன்னு கேக்குறீங்களா? அவரோட மகள் டாக்டர் சௌந்தரம். சின்ன வயசுலயே கல்யாணம், சீக்கிரமே கணவரை இழந்த சோகம். ஆனாலும் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் காலேஜ்ல படிச்சு டாக்டர் ஆனார். 1940-ல, காந்தியோட ஆசியோட ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செஞ்சார். இந்த ஜோடி 1947-ல சின்னாளபட்டி பக்கத்துல ஆரம்பிச்சதுதான் காந்திகிராமம். இன்னிக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கு. அப்பா பஸ் விட்டார், பொண்ணு காலேஜ் கட்டினார். செம காம்பினேஷன்ல!

1972-ல அரசு பஸ்களைக் கையில எடுத்தப்போ, டி.வி.எஸ் பஸ்கள் 'பாண்டியன் ரோட்வேஸ்' ஆச்சு. அப்புறம் அதுல இருந்து பிரிஞ்சு, திண்டுக்கல்லைத் தலைமையிடமா வச்சு 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' வந்தது. சாலையும் சத்திரமும் அமைச்ச மதுரை நாயக்க ராணியோட பேரு, பஸ்ஸுக்கு சூப்பர் பொருத்தம்! ஆனா, கழகங்களுக்குத் தலைவர்கள் பேர் வைக்கிறது சாதி மோதல்ல போய் முடிய, 1997-ல எல்லாப் பேரையும் எடுத்துட்டாங்க. அப்போ இருந்து 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்'தான்.

பேர் மாறலாம். பஸ் கடைசி ஊர் வரைக்கும் போகுதாங்கிறதுதான் மேட்டர். லாபம் மட்டுமே கணக்குன்னா, பத்துப் பேர் ஏறுற கிராமத்துக்கு யார் வண்டி விடுவா? ஆனா அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தி காலேஜ் போறவளா இருப்பா. சாயங்கால ட்ரிப் ஒண்ணு நின்னா, அவ படிப்பும் நின்னு போகலாம். 2021 மே 8-லருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆனா, ஊருக்கு பஸ் வந்தாத்தானே அந்தச் சலுகைக்கே அர்த்தம்!

இந்த லீவுல ஒரு சின்ன புராஜெக்ட் பண்ணுங்க ஃப்ரெண்ட்ஸ். உங்க ஊருக்கு முதல் பஸ் எந்த வருஷம் வந்துச்சுன்னு தாத்தாகிட்டயும் அப்பத்தாகிட்டயும் கேளுங்க. ஊர்ல இருந்து முதல் பொண்ணு காலேஜுக்குப் போனது எந்த வருஷம்னும் கேளுங்க. ரெண்டு வருஷத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க!