ஒரு புல எண்ணின் பயணம்

தமிழ்நாடு அரசின் இணையவழி பட்டா சேவையில் மாவட்டம் ‘கடலூர்’ என்று தேர்ந்தெடுத்ததும் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் என்று வட்டங்கள் வந்து நிற்கும். சிதம்பரத்தைத் தொட்டால் அதன் கிராமங்கள் வரும். புல எண்ணும் உட்பிரிவும் கொடுத்தால் பட்டா விவரம் திரைக்கு வந்துவிடும். தாலுகா அலுவலக வாசலில் நாள் கணக்கில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இத்தகைய தளங்களில் பொதுவாக இரண்டு மென்பொருள்கள் வேலை செய்கின்றன. பிஎச்பி, பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் நம்மிடம் விவரம் வாங்கும். அதற்கு நிலம் பற்றி எதுவும் தெரியாது. மைசீக்வல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்திடம் எல்லா விவரமும் இருக்கும். அதற்கு நம்மைத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ‘டிரைவர்’ என்ற சிறு மென்பொருள் இருந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காட்டி இணைப்பைத் திறந்து, கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலை வரிவரியாகக் கொண்டுவருகிறது.

தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான எண்ணால் கோக்கும் முறையைக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். அதன் அழகை நம் கடலூர் மாவட்டத்தை வைத்தே பார்க்கலாம். 1993இல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி முதலில் ‘தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்’, பின்னர் ‘கடலூர் மாவட்டம்’. காகிதப் பதிவேடு என்றால் எத்தனை பக்கங்களில் பெயரைத் திருத்துவது? காட் சொன்ன முறையில் மாவட்டப் பெயர் ஓர் அட்டவணையில் ஓர் எண்ணோடு ஒரே வரி. அதை மாற்றினால் போதும். அந்த எண்ணைச் சுட்டும் லட்சம் புல எண்களும் புதுப் பெயரையே காட்டும்.

டிரைவர் வழியாக இணைப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘சிதம்பரம்’ யூனிகோடில் 9 குறிகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 27 பைட்டுகள். ஆங்கிலத்துக்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் அமைந்த லத்தீன்-1 குறியாக்கத்தில் அது நுழைந்தால் ஊர்ப் பெயர் அழிந்து வெறும் கேள்விக்குறிகளே மிஞ்சும். தமிழில் தளம் கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆபத்து ஒன்றும் உண்டு. பயனர் தட்டச்சு செய்ததைக் கட்டளை வரியோடு அப்படியே ஒட்டினால், புல எண்ணுக்குப் பதிலாக ஒருவர் மேற்கோள்குறியும் ஒரு கட்டளைத் துண்டும் எழுதி மற்றவர் பதிவுகளைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். தீர்வு எளிது. மதிப்பு வரவேண்டிய இடத்தில் ‘?’ மட்டும் வைத்துக் கேள்வியை முன்னே அனுப்பிவிட்டு, மதிப்பைத் தனியே பின்னே அனுப்புவது. கேள்வியின் பொருள் முன்பே முடிவாகிவிட்டதால், பின்னே வருவது என்னவாக இருந்தாலும் வெறும் மதிப்புதான். அது கட்டளையாக மாறாது.

அண்ணாமலை நகரிலும் கடலூரிலும் கணினி படிக்கும் பிள்ளைகளே, முதல் நிரலிலிருந்தே இப்படி எழுதுங்கள். நீங்கள் திறக்கும் இணைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரு குடும்பத்தின் நிலம்.