அறுபடும் இணைப்பு

ஜவ்வாதுமலையில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் வானாய்வகம் ஒன்று உள்ளது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் தொலைதூர விண்மீன் ஒன்றின் முன்னே கடந்து செல்லவிருந்தது. அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியின் வழியே ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் விண்மீனின் ஒளியை அளந்து பதிவு செய்தனர். ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. அதற்குக் காரணம் புதியதொரு துணைக்கோளாகலாம் என முதலில் கருதப்பட்டது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்த அமெரிக்க வானூர்தியிலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும் அதே விண்மீனை அளந்தனர். அவர்களின் பதிவில், கோள் மறைப்பதற்கு முன் ஐந்து முறையும் பின் ஐந்து முறையும் ஒளி மங்கியிருந்தது. இரு பக்கமும் ஒத்த தொலைவில் அமைந்த அம்மங்கல்கள் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதைக் காட்டின.

ஒற்றை மங்கலைக் கொண்டு காரணத்தை அறுதியிட இயலவில்லை. பல மங்கல்களின் நேர ஒழுங்கே விடை தந்தது. வீட்டுச் சேவையகத்திலிருந்து அடிக்கடி துண்டிக்கப்படும் வன்தட்டை ஆராய்வதற்கும் இம்முறை பொருந்தும். சேவையகம் என்பது எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி; குடும்பத்தின் ஒளிப்படங்களும் ஆவணங்களும் அதனோடு இணைந்த வன்தட்டில் சேமிக்கப்படுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தால், கோப்பு பாதியில் நிற்கும். கோப்புகளின் அட்டவணையும் சிதையக்கூடும்.

ஆகவே, முதற்பணி பழுது பார்ப்பதன்று. தட்டில் உள்ளவற்றை வேறொரு தட்டிற்குப் படியெடுப்பதே முதற்பணி. பழுதுநீக்கும் மென்பொருள்கள் தட்டின் மீதே எழுதுவதால், நோயுற்ற தட்டில் அவற்றை முதலில் இயக்குவது எஞ்சியதையும் இழக்கச் செய்யலாம். படிக்க இயலாத பகுதிகளைத் தாண்டிச் சென்று, நல்லவற்றை முன்னதாகப் படியெடுத்து, இறுதியில் மீண்டும் பழுதான பகுதிகளுக்குத் திரும்பும் மென்பொருள்கள் உள்ளன. மீண்டும் எடுக்க முடியாத படங்கள் உள்ள தட்டிற்கு அவையே ஏற்றவை.

அடுத்து, துண்டிப்பு நிகழும் நேரத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். கணினியின் இயக்க முறைமை இதற்கெனப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. தட்டு சுழலத் தொடங்கும்போதோ பெரிய கோப்பைப் படியெடுக்கும்போதோ அறுந்தால் மின்சாரமே முதல் ஐயத்திற்குரியது. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும் யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருவதாக வரையறை கூறுகிறது. சுழற்சி தொடங்கும் நொடியில் சிறிய தட்டும் இதனினும் மிகுதியாகக் கேட்கலாம். தனி மின்வழங்கியுள்ள யுஎஸ்பி பகிர்வியை இணைத்தால் குறை நீங்குகிறதா எனப் பார்க்கலாம். நெடுநேரம் பயன்படுத்தாத பின்னரே அறுந்தால், ஆற்றலைச் சேமிக்கும் உறக்க அமைப்பு காரணமாகலாம். அதனை நிறுத்தி ஒரு நாள் கவனித்தால் தெரியும். தொட்டவுடன் அறுந்தால் வடத்தை மாற்றுதல் வேண்டும். உறையினுள் வெப்பம் ஏறிய பின் அறுவதும் உண்டு. வன்தட்டையும் யுஎஸ்பி வடத்தையும் இணைக்கும் சிறு மின்சுற்று சூடேறித் தடுமாறும்போது தட்டே கெட்டுவிட்டதாகத் தோன்றும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். வடம், மின்வழங்கி, உறை ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்பது தெரியாமற் போகும்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே கணக்கிட்டு வைக்கிறது. ஸ்மார்ட் எனப்படும் அப்பட்டியலில் எண் 5, இதுவரை மாற்றிடம் தரப்பட்ட பழுதான பகுதிகளைக் காட்டும். எண் 197, படிக்க இயலாமல் தீர்வை எதிர்நோக்கும் பகுதிகளைக் காட்டும். இவ்விரண்டும் நாள்தோறும் ஏறினால் தட்டு தேய்ந்துவருகிறது என்று பொருள். எண் 199 தனித்தன்மையுடையது: தட்டுக்கும் அதனோடு நேரடியாக இணைந்த மின்சுற்றுக்கும் இடையே பயணித்த தரவில் நேர்ந்த பிழைகளை அது எண்ணுகிறது. 5, 197 இரண்டும் சுழியமாக நிற்க, 199 மட்டும் ஏறினால், பெரும்பாலும் அந்த உள் இணைப்பே பழுது. இக்கணக்கு பழைய பிழைகளை அழிப்பதில்லை. ஆகவே இணைப்பை மாற்றிய பின் எண் குறைவதற்காகக் காத்திருத்தல் வீண். அன்றைய எண்ணைக் குறித்துவைத்து, அது மேலும் ஏறவில்லை என்பதைப் பார்த்தலே போதுமானது.

எந்த மாற்றத்திற்கும் பின், துண்டிப்பு முன்பு நிகழ்ந்த அதே சூழலை மீண்டும் உண்டாக்கிச் சோதித்தல் வேண்டும். பெரிய கோப்பைப் படியெடுக்கும்போது அறுந்த தட்டு, சும்மா இருக்கும்போது நன்றாக இருப்பதில் வியப்பில்லை. மறுபடியும் அறுந்தால் அடுத்த ஐயத்திற்குச் செல்லலாம். எடுத்துவைத்த படி அதுவரை வேறிடத்தில் இருத்தல் நலம்.