ஸ்டென்ட் வைத்தாச்சு, இன்னும் மாத்திரை எதுக்கு?

சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "காப்பீட்டு அட்டையில எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சாச்சு. வலியும் போயிருச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல கொழுப்பும் நார்மல்னு வந்துருச்சு. அதான் மாத்திரைய நிப்பாட்டிட்டாரு." கூட்டத்தில் பாதிப் பேர் "சரிதானே" என்று தலையாட்டினோம். சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

ஸ்டென்ட் என்பது சின்னக் கம்பிவலைக் குழாய். அடைத்துக்கொண்ட இடத்தை மட்டும்தான் அது விரித்துப் பிடிக்கும். வாய்க்காலில் ஓரிடத்தில் தூர் எடுத்தால் முழு வாய்க்காலும் சுத்தமாகிவிடுமா? மற்ற இடங்களில் கொழுப்பு படிவது நிற்காது.

கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் மாத்திரைகள் அந்தத் தயாரிப்பைக் குறைக்கின்றன. அளவு இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும்.

இன்னொன்று. லேப் தாளில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்புக்கு 100 வரை நல்ல அளவு என்று அச்சடித்திருக்கும். அது பொதுவான அளவு. ஸ்டென்ட் வைத்தவருக்கு 70-க்குக் கீழே வேண்டும். 55-க்கும் கீழே இருக்கணும் என்று இப்போது பல டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே தாளை நாமே படித்து முடிவெடுக்காமல் டாக்டரிடம் காட்டணும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திடீரென மாரடைப்பு வரலாம். பல் பிடுங்கப் போனால்கூட ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொழுப்பு மாத்திரையால் சிலருக்குச் சதைவலி வரும். அதையும் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார்.

சமையல் நம் கையில்தான் இருக்கிறது. ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி, கெட்ட கொழுப்பை ஏற்றும் வகைக் கொழுப்பு. அதையே முழுக்க நம்பாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிக்கொள்ளலாம். விருதுநகர் எண்ணெய் பரோட்டா, கறிக்கொழுப்பு, வடைச்சட்டியில் மறுபடி மறுபடி காய்ந்த எண்ணெய் வேண்டாம். கீரை, பயறு, கம்பு, கேப்பை நல்லது. பீடி, சிகரெட்டை விடாமல் உணவை மட்டும் மாற்றுவதில் பெரிய லாபமில்லை.

அந்த அக்கா மறுநாளே வீட்டுக்காரரை டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத்தான் இன்னும் விடமாட்டேங்கிறாராம்.