கரிசற் பூமியில் சொற்பச் செலவில் கோழிக்கூடு

கோவில்பட்டிக் கரிசல் மழையில் புடைத்துக் கோடையில் வெடிக்கும் தன்மையது. ஆகையால் தரையோடு எழுப்பிய மண்கூடு விரிசல் கண்டு, ஐப்பசி மழையில் ஈரம் ஏறும். வெடிப்பின் வழியே கீரியும் நுழையும். முட்டையால் வரும் வீட்டுவருமானம் ஓரிரவில் போய்விடும்.

இதற்குப் பரிகாரம் கால்களின்மேல் நிற்கும் கூடேயாம். பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். நான்கு பனங்கால்களைத் தட்டைக்கற்களின்மேல் நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, தளத்தை 2 அடி உயர்த்துக. தளச்சட்டங்களுக்கிடையே அரை அங்குலம் விட்டால் எச்சம் கீழே விழுந்து எருவாகும். பக்கங்களுக்கு மூங்கிற் பிளாச்சும், கூரைக்குப் பனையோலையும் ஏற்றவை.

அண்டைவீட்டார் நால்வர் முறைவைத்து ஒருவருக்கொருவர் உதவினால் கூலிச்செலவில்லை. புரட்டாசிக்குள் வேலையை முடித்தல் நலம். வெள்ளைக்கழிச்சலைக் கூடு தடுக்காது. அதற்குத் தடுப்பூசி அவசியம். கிராம அதிகாரிகள் தம் கொல்லையில் முதற்கூட்டை அமைத்துக் காட்டினால் ஏனையோரும் பின்பற்றுவர்.