பாம்பன் பாலம்: பழசைத் தேற்றுவதா, புதுசு கட்டுவதா?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கரையேற்றிய விசைப்படகுகளில் பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். ‘இந்த வருஷம் ஒப்பேத்திடலாமா, புதுசு கட்டிடலாமா?’ என்ற பேச்சு படகுக்குப் படகு நடக்கும். பாம்பன் ரயில் பாலத்தை வைத்து ரயில்வேயும் இதே கேள்வியோடுதான் பல காலம் மல்லுக்கட்டியது. எடுத்த முடிவுகள் சரி. புதுப் பாலத்தில் இறங்கியதுதான் தாமதம் என்பேன்.

1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாலம் அது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், 145 கண்கள். நடுவே ஷெர்சர் தூக்குப் பாலம். கப்பல் வரும் நாளில் ஊழியர்கள் இருபுறமும் நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றுவார்கள். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர, இரண்டு இரும்புக் கைகளும் நிதானமாக மேலே எழும். காத்துக் கிடந்த படகுகள் வடகடலிலிருந்து தென்கடலுக்கும், அங்கிருந்து இங்கும் முண்டியடித்துப் போகும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த இரவில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. தூக்குப் பாலம் மட்டும் அசையவில்லை. சரிசெய்ய ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பூட்டி, 46 நாளில் வேலையை முடித்தார்கள். கர்டர் போனாலும் கடலுக்குள் ஊன்றிய தூண்கள் பலமாக நின்றன. அப்படி இருக்கும்வரை பழுது பார்ப்பதே புத்தி.

அடுத்த சோதனை அகலப்பாதை. மீட்டர்கேஜ் ரயிலுக்காகக் கட்டிய பாலத்தை வலுப்படுத்தி, 2007 ஆகஸ்டில் அகலப்பாதை ரயிலை ஓட்டினார்கள். நான் அதையும் ஆதரிக்கிறேன். புதுப் பாலத்துக்காகக் காத்திருந்தால் ராமேஸ்வரம் தீவு வருஷக்கணக்கில் ரயில் இல்லாமல் கிடந்திருக்கும். ஆனால் பாரம் கூடிவிட்டது. தாங்குவதோ 1914-ன் எஃகு. பாலத்தின் மேல் ரயில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே விழாது. உப்புக்காற்று மூட்டுகளின் இடுக்கில் புகுந்து அரிக்க, மேலே அடித்த பெயின்ட் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

2022 டிசம்பர் 23-ல் ரயில் நின்றது. பழுது வந்தது தூக்குப் பாலத்தில். 1964-ல் புயலையே தாங்கிய அந்தப் பகுதிதான் கடைசியில் துருவுக்குத் தோற்றது.

புதுப் பாலத்துக்கு 2019 மார்ச்சில்தான் அடிக்கல் நாட்டினார்கள். வேலை தொடங்கியது 2020-ல், உடனே கொரோனா. விளைவு, இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. வெளியூர்ப் பக்தர்கள் மூட்டை முடிச்சோடு மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறினார்கள். தீவுக்காரர்கள் ரயில் பிடிக்கப் பஸ்ஸில் சாலைப் பாலம் தாண்டினார்கள். 2007-ல் செய்த பழுது வேலை பதினைந்து வருஷ அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தின் முற்பாதியிலேயே புதுத் தூண் ஊன்றியிருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி மின்மோட்டாரில் 17 மீட்டர் நேர் மேலே எழுகிறது. நெம்புகோல் தள்ள ஆள் வேண்டாம். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதித்த வேகம் 75 கிலோமீட்டர். தூக்கும் பகுதியில் 50. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், உப்பைத் தாங்கும் பூச்சு என்று இம்முறை முன்யோசனையோடு கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் காற்று அதே காற்றுதான். ஒவ்வொரு வருஷமும் எந்த மூட்டில் எவ்வளவு துரு என்று பார்த்து, அந்த அறிக்கையை ரயில்வே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய பாலத்தைப் பிரித்தாலும் ஷெர்சர் பகுதியைக் காயலான் கடைக்கு அனுப்பக் கூடாது. சென்னைக்குத் தூக்கிப் போகவும் வேண்டாம். பாம்பன் கரையிலேயே, பல்சக்கரம் சுற்றும் நிலையில் நிறுத்திவைத்தால், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகள் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தே இயந்திரவியல் படிக்கலாம்.