உஷார்! அந்த ‘அனாதை’க்கு அம்மா இருக்கிறாள்!

‘கம்போடியாவில் ஓர் அனாதை இல்லம். பத்து நாள் பயணம். போர்வெல் போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டி, கூரையில் சோலார் பேனல் மாட்டித் தர வேண்டும். டிக்கெட்டும் நன்கொடையும் உங்கள் செலவு.’

அலுவலகத்திலோ கல்லூரியிலோ இப்படி ஓர் அழைப்பு வந்தால், நல்ல மனசுள்ள இன்ஜினீயர் உடனே பெயர் கொடுத்துவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2005-க்கும் 2010-க்கும் இடையில் கம்போடியாவில் குழந்தைகள் இல்லங்கள் 75 சதவிகிதம் பெருகின. அந்த வருடங்களில் அங்கே உள்நாட்டுப் போர் இல்லை. அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம்தான் பெருகியது. இல்லங்களில் இருந்த நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் சொன்னது.

நடப்பது இதுதான். ஏழைக் கிராமத்துக்கு இல்லத்துக்காக ஓர் ஆள் போகிறார். ‘பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் படிப்பு’ என்கிறார். பெற்றவள் நம்பி அனுப்புகிறாள். இல்லத்தில் காலெடுத்து வைத்ததும் அந்தப் பிள்ளை ‘அனாதை’. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் ஆட வேண்டும், பாட வேண்டும். மோசமான இல்லங்களில் பிள்ளைகளை வேண்டுமென்றே வாட வைப்பதும் உண்டு. பிள்ளை தேறிவிட்டால் நன்கொடை குறைந்துவிடும். நேபாளத்திலும் இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, பிள்ளைகளை இப்படி இல்லங்களுக்குக் கடத்துவதையும் அடிமைத்தனம் என்றே கருதியது.

‘நான் கட்டடம்தானே கட்டப்போகிறேன்?’ என்று கேட்காதீர்கள். ஆபத்தே அங்கேதான். நீங்கள் கட்டும் புது அறையில் பத்துக் கட்டில் போட்டால், அதை நிரப்ப இன்னும் பத்துப் பிள்ளைகளைத் தேடுவார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கான்கிரீட் அங்கேயே நிற்கும்.

இன்னொரு ஆபத்து நிலத்தடியில் இருக்கிறது. கம்போடியாவின் மேகாங் ஆற்றுப்படுகையில், குறிப்பாக கண்டால் மாகாணத்தில், பல கிணறுகளின் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் உண்டு. அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை, ருசியில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கம்போடியாவின் வரம்பு 50. இந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்து, தோலில் கரும்புள்ளியும் உள்ளங்கையில் காய்ப்புமாகத் தவிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் தருகிறோம் என்ற நல்லெண்ணத்தில் பரிசோதிக்காமல் போட்ட கிணறுகளே பங்களாதேஷிலும் கோடிக்கணக்கானோரை இந்த விஷத்துக்கு ஆளாக்கின. ஆய்வக முடிவு கையில் வராமல் எந்தக் குழாயையும் திறந்துவிடாதீர்கள்.

பெயர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை:

● இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா? எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள்? வீட்டுக்குத் திருப்பி அனுப்ப என்ன ஏற்பாடு? பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

● உங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? கேட்காத இடத்தில் யார் வேண்டுமானாலும் பிள்ளைகளிடம் நெருங்கலாம். உங்களைச் சந்தேகிக்காத இல்லம், நாளைக்கு ஒரு காமுகனையும் சந்தேகிக்காது.

● பம்ப்பில் வாஷர் தேய்ந்தால், சோலார் பேட்டரி போனால் யார் மாற்றுவார்? உதிரிபாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா? அதற்குப் பணம் யார் தருவார்?

● டூரிஸ்ட் விசாவில் இந்த வேலை செய்யலாமா? நேபாளத்தில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி கிடையாது. ஏற்பாட்டாளரின் வாய்வார்த்தையை நம்பாமல் தூதரகத்திடமே கேளுங்கள்.

உதவவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் படிப்பும் உழைப்பும் அங்கே நிச்சயம் தேவை. ஆனால், சோற்றுக்கும் படிப்புக்கும்தான் அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வந்தது. அதனால் அதன் கிராமத்துப் பள்ளிக்குக் கூரை போடுங்கள். ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் சோலார் மாட்டுங்கள். பரிசோதித்த தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையை அதன் அம்மாவே வளர்த்துக்கொள்வாள்.